குளத்துக்குக் காவலா? அந்தஸ்துக்குக் காவலா?

(சாத்தாங்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிய பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி அழைத்திருக்கும் விஷயம் ஒரு நீச்சல் குளத்தைப் பற்றியதாகும். "நாட்டில் எவ்வளவோ பெரிய விஷயங்கள் இருக்க, வசதியுள்ளவர்கள் குளிக்கிற குளத்தைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் நடந்த சங்கதியைச் சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகு, இதைப் பேசாமல் விடுவது தப்பு என்றே தோன்றிற்று. ஆகவே நடந்ததை முதலில் சொல்லி விடுகிறோம்.

இவ்வூர் இரும்பு யார்டில் லோடு ஏற்றி இறக்கும் வாலிபர்கள் பன்னிரண்டு பேர் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் சீட்டுப் பிடித்துச் சேர்த்து, சென்ற மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுமுறை அப்பார்ட்மெண்டில் இரண்டு பிளாட்டுகளை ஒருநாள் வாடகைக்கு எடுத்தார்கள். சிலர் பெண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போனார்கள். அங்கே எல்லாப் பிளாட்டுக்கும் பொதுவாக ஒரு குளம் இருக்கிறது. வாடகைக்கு வருகிறவர்களும் அதில் குளிக்கலாம் என்று சொல்லித்தான் பிளாட்டுக்காரர் பணம் வாங்கினார்.

குளத்து வேலிக் கதவண்டை காவல்காரர் மறித்தார். பிளாட்டு நம்பர் கேட்டார், சொன்னார்கள். ரசீது கேட்டார், காட்டினார்கள். பிறகு எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். சாத்தாங்காடு என்றும், லோடு வேலை என்றும் சொன்னார்கள். அதற்கப்புறம் சூப்பர்வைசர் வராமல் உள்ளே விட முடியாது என்று சொல்லி விட்டாராம். அதே சமயத்தில் வேறொரு பிளாட்டிலிருந்து வந்த கூட்டத்தார் கையில் பீர் பாட்டிலோடு, கேள்வி கேட்பாரில்லாமல் உள்ளே போனார்களாம்.

பேச்சு முற்றியது. சூப்பர்வைசர் வந்தார். பிளாட்டுக்காரர்கள் சங்கத்துக் காரியதரிசி வந்தார். குளத்துக்கென்று இருந்த இரண்டு காவல்காரர்களும் கதவண்டையே நின்று விட்டார்கள். அந்த நேரத்தில் குளத்தின் உள்ளே நாலு வயதுக் குழந்தை ஒன்று ஆழமான பக்கமாக நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. சத்தமில்லை, கூச்சலில்லை. குழந்தையின் தாயார் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, கட்டிய சேலையோடு குதித்துத் தூக்கினார். குழந்தை பிழைத்தது. அது நம்மவர் குழந்தையல்ல. அங்கேயே பிளாட்டு வைத்திருக்கும் ஒருவருடைய குழந்தை.

அன்று மாலையே சங்கத்தார் ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள் என்றா எழுதினார்கள்? இல்லை. பாட்டில் கொண்டு வராதீர்கள் என்றா? அதுவும் இல்லை. "தினவாடகைக்காரர்களுக்குக் குளத்தில் அனுமதியில்லை" என்று எழுதினார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பிறகு இவ்வூரில் இரண்டு கட்சி கிளம்பியிருக்கிறது. வாலிபர்களில் சிலர், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூறு பேராய்ப் போய் அந்தக் குளத்தில் இறங்குவோம், எவன் தடுக்கிறான் பார்ப்போம்" என்கிறார்கள். பெரியவர்களில் சிலர், "நமக்கு ஏனப்பா அந்த இடம்? நம் யோக்கியதைக்குத் தக்க இடத்துக்குப் போயிருந்தால் இந்த அவமானம் வந்திருக்குமா?" என்கிறார்கள். இந்த இரண்டு கட்சியும் தவறு என்று சொல்லவே இன்று இங்கு வந்திருக்கிறோம்.

நம்மவர் குற்றம்

பிறர் குற்றத்தைப் பேசுவதற்கு முன்னால் நம் குற்றத்தைப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் பேசுவதற்கு மதிப்பிருக்காது.

போன பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் குடித்திருந்தார்கள். அவர்களே இதை ஒப்புக் கொண்டார்கள். ஒருவர் காவல்காரரின் சட்டையைப் பிடித்தார். "கூலிக்கு நிற்கிற உனக்கு இவ்வளவு திமிரா?" என்று வேறொருவர் கேட்டார். தோழர்களே! கூலிக்கு லோடு தூக்குகிற ஒருவர், கூலிக்குக் கதவண்டை நிற்கிற இன்னொருவரைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? நம்மை எந்த வார்த்தையால் பிறர் தாழ்த்துகிறார்களோ, அதே வார்த்தையை எடுத்து நமக்குக் கீழே ஒருவன் அகப்பட்டான் என்று அவன் மேல் வீசினால், மானத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன பாத்தியம் இருக்கிறது?

அது மாத்திரமல்ல. குளத்திலிருந்த பெண்களைப் பார்த்து ஒருவர் சினிமாப் பாட்டுப் பாடினாராம். விளையாட்டுக்குப் பாடியதாகச் சொல்லுகிறார். பாடினவருக்கு அது விளையாட்டாயிருக்கலாம். அந்தப் பெண்கள் துண்டைப் போர்த்திக் கொண்டு கரையேறிப் போய்விட்டார்களே, அவர்களுக்கும் அது விளையாட்டா? ஒரு பொதுக்குளத்திலிருந்து பெண்களை வெளியேற்றுவதற்குப் போர்டு எழுதி மாட்ட வேண்டியதில்லை. இப்படி ஒருவர் பாடினால் போதும். காவல்காரர் நம்மைக் கதவண்டை நிறுத்தினது அநியாயம் என்றால், நாம் அந்தப் பெண்களைக் கரையேற்றினதும் அநியாயமேயாகும்.

ஆகவே, குளத்தில் ஒழுங்கு வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பிளாட்டுக்காரர்களின் கஷ்டமும் பொய்யல்ல. நடு ராத்திரியில் பாட்டுப் பெட்டி அலறுவதும், பாட்டில் உடைந்து குழந்தைகளின் காலில் ஏறுவதும், இருபது பேர் இறங்கவேண்டிய குளத்தில் எண்பது பேர் இறங்குவதும் எங்கே நடந்தாலும் தொல்லைதான். இவைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும். சட்டத்தைக் கவனிக்க ஆள் வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் எதைக் காக்கிறது என்பதே நம்முடைய கேள்வி.

தண்ணீரைக் கெடுப்பது எது?

குளத்துத் தண்ணீரில் குளோரின் என்கிற மருந்து போடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 முதல் 3 மில்லிகிராம் வரை அது இருந்தால் கிருமிகள் பெரும்பாலும் சாகும். தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து மருந்து சில சொட்டு விட்டால் நிறம் மாறும். அந்த நிறத்தைப் பார்த்து மருந்து போதுமா போதாதா என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லிவிடலாம்.

குளத்தண்டை போனால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வருமல்லவா? அதைச் சுத்தத்தின் வாடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் விரோதம். குளிக்கிறவர்களின் வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து குளோரமின் என்ற வேறு பொருளாக மாறுகின்றன. அந்த வாடை அதனுடையது. கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். அதனால்தான் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வா என்று விதி வைக்கிறார்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் இறங்கவே கூடாது. அதில் பரவக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒரு கிருமி, குளோரின் போட்ட தண்ணீரிலும் பல நாள் சாகாமல் கிடக்கும்.

லுங்கியோடு இறங்காதே என்கிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. நனைந்த லுங்கி காலைச் சுற்றிக் கொண்டால் நீந்தத் தெரிந்தவனும் தவிப்பான். பருத்தித் துணியின் நூலும் சாயமும் வடிகட்டியைக் கெடுக்கும். ஆகையால் அந்த விதியை நாம் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் ஒப்புக் கொண்ட விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? நம்முடைய பருத்தி லுங்கி ஆகாது, பிளாட்டு முதலாளியின் பருத்திப் பனியன் ஆகும் என்றால் அந்த விதியைத் துணியைப் பார்த்துச் செய்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

இவ்வளவு காரணங்களைச் சொன்னோமே, இவைகளில் எங்கேயாவது ஊர் பெயர் வந்ததா? வேலை வந்ததா? ஜாதி வந்ததா? சாத்தாங்காட்டான் வியர்வைக்கும் அடையாற்றுக்காரர் வியர்வைக்கும் மருந்துச் சொட்டில் நிறம் வேறுபடுகிறதா? அப்படியிருக்க, கதவண்டை நின்று "என்ன வேலை?" என்று கேட்டதற்கு என்ன அவசியம்?

பழைய வழக்கம்

இந்தக் கேள்வி அப்பார்ட்மெண்டோடு பிறந்ததல்ல. நம் நாட்டில் குளம் வெட்டின காலந்தொட்டு, அதன் கரையில் நின்று "நீ யார்?" என்று கேட்கிற ஒருவன் இருந்தே வந்திருக்கிறான்.

மஹாராஷ்டிரத்தில் மஹத் என்கிற ஊரில் சவதார் குளம் என்று ஒன்று இருக்கிறது. எல்லா ஜாதி இந்துக்களும் அதில் தண்ணீர் எடுத்தார்கள். வேறு மதத்தாரும் எடுத்தார்கள். ஆடு மாடுகளும் குடித்தன. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மாத்திரம் தொடக்கூடாது. பொதுக் குளங்களில் அவர்களுக்கும் பாத்தியம் உண்டு என்று 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் செய்தது. அடுத்த வருஷம் மஹத் முனிசிபாலிட்டியாரும் குளத்தைத் திறந்து விட்டதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் காகிதத்தில் இருந்தது. ஜனங்கள் கரையில் நின்றார்கள்.

1927 மார்ச்சு 20ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு ஒழுங்காக நடந்து போய் அந்தக் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. பிறகு நடந்தது என்ன? கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டு, ஊரார் தடி எடுத்துக்கொண்டு வந்து, ஊர் திரும்பிக் கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். அதற்கப்புறம் குளத்தில் 108 குடம் பாலும் தயிரும் சாணியும் மாட்டு மூத்திரமும் ஊற்றி, "சுத்தம்" செய்தார்கள்! மூத்திரம் ஊற்றினால் தண்ணீர் சுத்தமாகிறது, மனிதன் தொட்டால் அசுத்தமாகிறது என்பது எந்த ஊர் ரசாயன சாஸ்திரம் என்று நமக்குத் தெரியவில்லை. பிறகு அதே வருஷத்தில் முனிசிபாலிட்டியார் தங்கள் தீர்மானத்தையே ரத்து செய்தார்கள். வழக்கு நடந்தது. 1937 மார்ச்சு 17ந் தேதிதான் பம்பாய் ஹைக்கோர்ட்டில் தீண்டப்படாத மக்களின் பக்கம் தீர்ப்பாயிற்று. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம்!

இது நம் நாட்டு மூடத்தனம் மாத்திரம் என்று நினைத்து விடாதீர்கள். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் செயிண்ட் அகஸ்டின் என்கிற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தங்கும் விடுதியின் குளத்தில் கறுப்பு மக்கள் இறங்கக்கூடாது என்று அக்காலத்தில் இருந்தது. 1964 ஜூன் 18ந் தேதி கறுப்பரும் வெள்ளையருமாகச் சிலர் சேர்ந்து அந்தக் குளத்தில் இறங்கினார்கள். விடுதி நிர்வாகி என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் தண்ணீரில் இருக்கும்போதே ஜாடியைத் தூக்கிக் கொண்டு வந்து ஆசிட்டை ஊற்றினார். அந்தப் போட்டோவை உலகமே பார்த்தது. போலீசார் கைது செய்தது யாரை? தண்ணீரில் இருந்தவர்களை! ஆசிட்டை ஊற்றியவர் ஒழுங்கைக் காத்தவராம். குளித்தவர்கள் ஒழுங்கைக் கெடுத்தவர்களாம்.

ஆஸ்திரேலியாவில் மோரி என்கிற ஊர்க் குளத்தில் அந்நாட்டு ஆதிக்குடிகளின் குழந்தைகளை மற்றவர்களோடு அக்காலத்தில் தாராளமாக விடவில்லை. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்க்கின்ஸ் என்ற மாணவர் தம் தோழர்களோடு பஸ்ஸில் போய், அந்தக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குளத்து வாசலில் டிக்கட்டு கேட்டு நின்றார். முட்டையும் தக்காளியும் அவர்கள் மேல் வந்து விழுந்தன. ஆனாலும் அவர்கள் உடனே கலைந்து போய்விடவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்பீர்களானால், 2015 ஜூனில் நடந்ததைச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் மெக்கின்னி என்கிற ஊரில் ஒரு குடியிருப்புக்குச் சொந்தமான குளத்தில், நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக் குளத்தைப் போன்ற ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளின் கொண்டாட்டம் நடந்தது. கூட்டம் அதிகம், கலாட்டா என்று சொல்லிப் போலீசைக் கூப்பிட்டார்கள். வந்த அதிகாரி ஒருவர், குளியல் உடுப்பில் இருந்த 15 வயதுக் கறுப்புப் பெண்ணைத் தரையில் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார். கிட்ட வந்த பிள்ளைகளின் பக்கம் துப்பாக்கியை உருவினார். அது படமாகி ஊரெல்லாம் பரவியபின், சில நாளில் அவர் ராஜிநாமா செய்தார். அங்கே கூட்டம் அதிகமாகவே இருந்திருக்கலாம். பிள்ளைகள் சத்தமும் போட்டிருக்கலாம். அதற்கு மருந்து விசில் ஊதுவதா, முழங்காலை வைப்பதா?

இந்த நாலு ஊர்க் கதையிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. "கலாட்டா" என்கிற பெயர் நடத்தையைப் பார்த்து வைக்கப்படவில்லை. ஆளைப் பார்த்து வைக்கப்பட்டது. பீர் பாட்டிலோடு போனவர்கள் "விருந்தாளிகள்" என்றும், ரசீதோடு நின்றவர்கள் "ரௌடிகள்" என்றும் ஆனது இதே கணக்கில்தான்.

காவலின் வேலை என்ன?

நிற்க, இப்போது அந்தக் குழந்தையின் விஷயத்துக்கு வருவோம். இன்று பேச வேண்டியவற்றுள் முக்கியமானது அதுதான்.

தண்ணீரில் மூழ்குகிறவன் கையை ஆட்டிக்கொண்டு "காப்பாற்றுங்கள்" என்று கத்துவான் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூழ்குகிறவனுக்கு மூச்சு விடவே வாய் போதவில்லை. கத்துவதற்கு மூச்சு ஏது? கை தானாகவே தண்ணீரை அழுத்திக் கொண்டிருக்குமே தவிர, மேலே தூக்கி ஆட்ட வராது. ஒரு நிமிஷத்துக்குள் காரியம் முடிந்துவிடும். குழந்தையாயிருந்தால் அதற்கும் முன்னாலேயே. உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி 2021இல் மாத்திரம் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

ஆகவே குளத்துக்குக் காவல் என்றால் தண்ணீரைப் பார்த்து நிற்பதற்குப் பெயர். நீந்தத் தெரிந்த ஒருவர், மூழ்கினவரைத் தூக்கவும், மூச்சு நின்றால் மார்பை அழுத்தி மூச்சூட்டவும் பழகின ஒருவர், குளத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அப்பார்ட்மெண்டில் இரண்டு காவல்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இருவரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாதாம்! அவர்களுக்குக் கொடுத்த உத்தரவெல்லாம் கதவைப் பார், ஆளைப் பார், உடுப்பைப் பார் என்பதுதான். இரண்டு ஜோடிக் கண்களும் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாத்தாங்காட்டு ரசீதை ஆராய்ந்து கொண்டிருந்தன. அதற்குள் அவர்களுடைய முதலாளியின் குழந்தையே தண்ணீருக்கடியில் போய்விட்டது. அந்தஸ்தைக் காப்பதற்கு வைத்த காவல் உயிரைக் காக்காது என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா? அந்தத் தாயார் நம்மவர் அல்லாவிட்டாலும் அவருடைய பயம் நம் பயந்தான். நம் குழந்தையாயிருந்தாலும் அப்படித்தான் சத்தமில்லாமல் போயிருக்கும்.

அந்தக் காவல்காரரையும் நாம் விரோதியாகக் கருதவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வெய்யிலில் நிற்கிறார். தம் வேலைக்குப் பங்கம் வருமோ என்று பயந்து சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறார். அவர் காக்கிற குளத்தில் அவருடைய பிள்ளை ஒரு நாள் குளிக்கலாமா என்று கேட்டால், சங்கத்தார் என்ன பதில் சொல்லுவார்கள்? குளத்தைத் தேய்த்துக் கழுவுகிற அம்மாளுக்கு, தண்ணீர் வடித்த பிறகுதான் குளத்துக்குள் இறங்க உத்தரவாம்! நம்முடைய சண்டை இவர்களோடு அல்ல. இவர்களை இப்படி நிறுத்தி வைத்த ஏற்பாட்டோடு.

நம் பக்கத்துத் தண்ணீர்

"உங்கள் ஊர்ப் பக்கமே கடலிருக்கிறது, ஆறிருக்கிறது, அங்கே குளிக்கக்கூடாதா?" என்று அந்தச் சங்கத்துக் காரியதரிசி கேட்டாராம். நல்ல கேள்வி.

2023 டிசம்பரில் பெய்த பெருமழையின்போது மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போயிற்று. படகும் வலையும் கறுத்தன. வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கோடு விழுந்தது. மீன்பிடிக்கிற மக்கள் வாளியால் எண்ணெயை வழித்தார்கள். அதே மாதம் 26ந் தேதி ராத்திரி எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம் முதலிய இடங்களின் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பொதுத் தண்ணீரில் ஒருவன் மூத்திரம் பெய்தால் ஒழுங்கீனம் என்கிறோம். ஓர் ஆற்றிலேயே எண்ணெய் விட்டால் அதற்கு என்ன பெயர்? அதற்கு விசில் ஊதுகிற காவல்காரர் எங்கே?

ஆகையால் நம்மவர் இங்கிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பணம் கொடுத்துத் தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டது ஆடம்பரமல்ல. நாள் முழுவதும் இரும்புக் கம்பியைத் தூக்குகிற தோளுக்கு ஒரு மணி நேரம் தண்ணீரில் மிதந்தால் எவ்வளவு சுகம் என்பது தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். "நமக்கு ஏன் அந்த இடம்?" என்று கேட்ட பெரியவர்களுக்கு இதுதான் நம் பதில். தண்ணீரில் சுகம் காண்பதற்குத் தனி யோக்கியதை ஏதும் கிடையாது.

செய்ய வேண்டியது என்ன?

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு பேராய்ப் போய்க் குளத்தில் குதிப்பதால் என்ன ஆகும்? "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரியாய்ப் போயிற்று" என்று போர்டு மாட்டினவர்கள் சந்தோஷப்படுவார்கள். நீந்தத் தெரியாத நம் பிள்ளை ஒருவன் அந்த நெரிசலில் மூழ்கினாலும் மூழ்குவான். மஹத்துக்குப் போனவர்களும் கூட்டமாகத்தான் போனார்கள். ஆனால் அவர்கள் குடித்துவிட்டுப் போகவில்லை. பெண்களைப் பார்த்துப் பாடவில்லை. யார் சட்டையையும் பிடிக்கவில்லை. அதனால்தான் தடி எடுத்தவன் யார், தண்ணீர் எடுத்தவன் யார் என்பது இன்று வரை உலகத்துக்குத் தெளிவாகத் தெரிகிறது.

எனவே நாம் சொல்லுவது இவ்வளவுதான்:

1. பணம் கொடுத்த வாலிபர்கள், வாடகை வாங்கிய பிளாட்டுக்காரருக்கும் சங்கத்தாருக்கும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். குளம் உண்டு என்று சொல்லி வாங்கிய பணத்துக்குக் கணக்கு வேண்டும். எந்த விதியை மீறினதற்காகக் கதவண்டை நிறுத்தினார்கள் என்பதற்குப் பதிலும் வேண்டும். அந்தக் கடிதத்திலேயே, சட்டையைப் பிடித்தது தப்பு என்று பிடித்தவர் கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும். அது அவமானமல்ல. தப்பை ஒப்புக் கொள்ளத் தைரியமுள்ளவன்தான் நியாயத்தையும் தைரியமாகக் கேட்க முடியும்.

2. 1950 முதல் அமுலிலிருக்கும் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, மதம், இனம், ஜாதி, ஆண் பெண், பிறந்த இடம் இவைகளைக் காரணமாக வைத்துக் கடைகளிலும் ஓட்டல்களிலும் பொதுக் கேளிக்கை இடங்களிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. சர்க்கார் பணத்தில் நடக்கும் அல்லது பொதுஜனங்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், குளிக்கும் துறை இவைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். தனியார் குளமென்றால் கட்டணம் இருக்கலாம், நேரம் இருக்கலாம், இத்தனை பேர்தான் என்கிற எண்ணிக்கையும் இருக்கலாம். அவைகளுக்கு நாம் கட்டுப்படுவோம். பிறப்பைக் கேட்கிற விதிக்கு மாத்திரம் கட்டுப்பட மாட்டோம்.

3. மாநகராட்சியின் நீச்சல் குளம் மெரினாவில் இருக்கிறது. பெரியமேட்டில் மைலேடி பூங்காவில் இருக்கிறது. திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தில் ஒரு நல்ல குளம் வேண்டுமென்று மாநகராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும். வெறும் குளம் போதாது. நீந்தத் தெரிந்த காவலர், சுத்தமான தண்ணீர், பெண்கள் பயமில்லாமல் வரும்படியான ஏற்பாடு எல்லாம் சேர்த்துக் கேட்க வேண்டும்.

4. நம் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருவருக்கும், நீச்சல் பழக்க வேண்டும். கடலோரத்தில் இருந்துகொண்டு பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கிறவர்களும் இங்கே இருக்கலாம். அந்தக் குழந்தையைத் தூக்கினது யார் என்று அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். சேலையோடு குதித்த அந்தத் தாயாருக்கு நீந்தத் தெரிந்திருந்தது. அதனால்தான் இன்று ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறது.

தோழர்களே! எந்தக் குளத்து வாசலில் எந்தப் போர்டைப் பார்த்தாலும், இந்த விதி தண்ணீரையும் உயிரையும் காக்கிறதா, அல்லது ஒருவருடைய அந்தஸ்தை மாத்திரம் காக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதலாவதாக இருந்தால் கைகட்டிக் கொண்டு கீழ்ப்படியுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கீழ்ப்படியச் சொல்லுங்கள். இரண்டாவதாக இருந்தால் அங்கேயே நின்று, கையை ஓங்காமல், குரலை மாத்திரம் ஓங்கிக் காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாத விதி எத்தனை நாள் நிற்கும்?

நாம் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பி விடவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள்; படாததைத் தள்ளிவிடுங்கள். கடிதம் எழுத விரும்பும் வாலிபர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருந்தால் சேர்ந்து எழுதலாம். காகிதமும் பேனாவும் கொண்டு வந்திருக்கிறோம்.